2006 ஜூன் 24: ராஸ்க்கைக் கொடுத்து ரேக்ராஃப்ட்டை வாங்கிய நாள்

#1 நீலக்கொடி (ஸ்காபரோ)

கன நாளாக எழுத நினைத்த விஷயம் இது. போன சனிக்கிழமை என் மகன் பழைய ஐஸ் ஹொக்கி ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். 2013 மே 13, எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கும் பொஸ்டன் புரூயின்ஸுக்கும் பொஸ்டனில் நடந்த பிளேஓஃப் (சீசன் முடிந்து வரும் வெளியேற்றச் சுற்று) தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம். அன்று இரவு நான் ரொறன்ரோவில் அரங்குக்கு வெளியே, மேப்பிள் லீஃப் சதுக்கத்துப் பெரிய திரைக்கு முன்னால் நின்றவன். மூன்றாவது கட்டத்தில் எங்கள் கட்ரி கோல் போட்டு 4-1 ஆனதும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பொஸ்டனின் ஹோர்ட்டன் ஒன்று போட்டார். முடிய 82 விநாடி இருக்கும்போது லூச்சிச் ஒன்று. 51 விநாடி இருக்கும்போது பெர்ஜரோன் ஒன்று. மேலதிக நேரத்தில் திரும்பவும் பெர்ஜரோன். 5-4. பெரியவரின் கை என் தோளிலேயே இருந்தது. அவரும் எடுக்கவில்லை, நானும் அசையவில்லை.

மகன் அந்தக் கோல்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்பா, பொஸ்டன் கீப்பர் ராஸ்க்கை முதல் எடுத்தது லீஃப்ஸ்தானாமே? பிறகு ஏன் குடுத்தவை?" என்று கேட்டான். பதில் சொல்லத் தொடங்கினேன், ஆனால் எனக்கே திருப்தியாக ஒரு பதில் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005 ட்ராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) 21ஆவது ஆளாக டூக்கா ராஸ்க்கை எடுத்தது ரொறன்ரோ. பின்லாந்துப் பையன், வயது 18. ஒரு வருடம்கூட முடியவில்லை. 2006 ஜூன் 24 அன்று, வான்கூவரில் அடுத்த ட்ராஃப்ட் நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் பொது முகாமையாளர் ஜோன் ஃபேர்கசன் ஜூனியர் அவரை பொஸ்டனுக்குக் கொடுத்து கீப்பர் அண்ட்ரூ ரேக்ராஃப்ட்டை வாங்கினார். ஒன்றுக்கு ஒன்று. ராஸ்க் எங்கள் நீலச் சட்டையோடு ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

ரேக்ராஃப்ட் எங்களிடம் இரண்டு சீசன் இருந்தார். ராஸ்க் பொஸ்டனுக்கு 564 ஆட்டம் ஆடி 308 வெற்றி எடுத்தார். அந்தக் கழகத்தின் வரலாற்றில் வேறு எந்தக் கீப்பரும் அவ்வளவு வெல்லவில்லை. 2014இல் என்.எச்.எல். லீக்கின் சிறந்த கீப்பருக்கான வெசினா விருது. 2013, 2018, 2019 என்று மூன்று தடவை எங்களை ஏழாவது ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பியபோதும் எதிர் வலையில் நின்றவர் அவர்தான்.

ராஸ்க் இவ்வளவு பெரிய ஆளாக வருவார் என்று அன்றைக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரியாமல் நடந்த பிழையாக மட்டும் இதை என்னால் விட முடியவில்லை. வரப்போகும் ஒரு சீசனுக்குப் பயந்து, 19 வயதுப் பையனின் 15 வருடத்தைக் கொடுத்தார்கள். எனக்கு நோவது அந்த இடத்தில்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 புதுவரவு (மிசிசாகா)

அண்ணா, நான் கனடா வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கோயம்புத்தூர்க்காரன். கிரிக்கெட் தவிர வேறு எதுவும் பார்த்து வளரவில்லை. இப்போது கூட இருக்கும் நண்பர்களால் ஹாக்கி பிடித்துப்போனது. ஒன்று கேட்கலாமா? 19 வயதுப் பையனை வைத்துக்கொள்ள எவ்வளவு செலவாகிவிடும்? அவனையும் வைத்துக்கொண்டு வேறு ஒருவரைக் காசு கொடுத்து வாங்கியிருக்கக் கூடாதா?

#3 நீலக்கொடி (ஸ்காபரோ)

நல்ல கேள்வி தம்பி. இது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. 18 வயது ஆனவர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும். எடுத்த பிறகு அந்தப் பையனின் உரிமை அந்த அணிக்குத்தான். அவன் ஊரில் ஆடிக்கொண்டிருக்கலாம், ராஸ்க்கும் அப்போது பின்லாந்தில், தம்பெரெ நகரத்து இல்வெஸ் அணிக்குத்தான் ஆடினார். வைத்திருப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. இன்னொரு அணியின் ஒப்பந்தத்தில் இருக்கிற வீரர் வேண்டுமென்றால் நம்மிடமிருந்து ஒன்றைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வெறும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதனால்தான் ட்ரேட்.

அந்தக் கோடையில் எங்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். 2004-05 சீசன் முழுவதும் கதவடைப்பில் போய்விட்டது, கழக முதலாளிகள் வீரர்களை ஆடவிடவில்லை. திரும்பி வந்த முதல் சீசனில் இரண்டு புள்ளியால் பிளேஓஃப் தவறியது. பயிற்சியாளர் பட் குவினை அனுப்பிவிட்டு போல் மொரிஸைக் கொண்டுவந்தார்கள். கீப்பர் எட் பெல்ஃபோருக்கு 41 வயது, முதுகு வேறு பிரச்சினை, அவரையும் விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் டெல்க்விஸ்டும் ஓபானும். வலைக்கு ஆள் வேண்டும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை.

#4 கணக்கன் (மார்க்கம்)

நீலக்கொடி அண்ணா, உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் ரேக்ராஃப்ட் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

2003-04இல் அவர் லீக்கின் சிறந்த புதுமுகம், கால்டர் விருது. தடுப்பு விகிதம் (வந்த அடிகளில் தடுத்த பங்கு) 0.926, ஆட்டத்துக்குச் சராசரியாக விட்டது 2.05 கோல். அப்போது வயது 23. ஒன்ராறியோவில் பெல்வில் ஊர்ப் பையன். அடுத்த சீசன் கதவடைப்பு. அதற்கு அடுத்தது 2005-06, பொஸ்டனிலேயே, 0.879, ஆட்டத்துக்கு 3.71. வெற்றி எட்டுத்தான். ஒரே மனிதர், ஒரே சட்டை, இடையில் ஆட்டம் இல்லாத ஒரு வருடம். அதோடு விதிகளும் மாறிவிட்டன: நீண்ட பாஸுக்குத் தடை நீங்கியது, கீப்பரின் கால்கவசத்தைச் சிறிதாக்கினார்கள், தடியால் பிடித்து இழுப்பதற்குக் கண்டிப்பு வந்தது. கோல்கள் கூடின.

ஆக, ஃபேர்கசன் பார்த்தது ஒரு மிக நல்ல சீசனும் ஒரு மிக மோசமான சீசனும். இரண்டில் எது உண்மையான ரேக்ராஃப்ட் என்று பந்தயம் கட்டினார். முட்டாள்தனமான பந்தயம் என்று சொல்ல மாட்டேன்.

2006-07இல் என்ன நடந்தது? ரேக்ராஃப்ட் 72 ஆட்டம் ஆடி 37 வெற்றி எடுத்தார். ஒரு சீசனில் ரொறன்ரோ கீப்பர் எடுத்த ஆகக் கூடிய வெற்றி அதுவரை பெல்ஃபோருடைய 37தான், அதைச் சமன் செய்தார். அணிக்கு 91 புள்ளி. நியூயோர்க் ஐலண்டர்ஸுக்கு 92. கடைசி நாளில் ஐலண்டர்ஸ் நியூஜேர்சியை ஷூட்டவுட்டில் (சமநிலையைத் தீர்க்க ஒவ்வொருவராகக் கீப்பரை எதிர்த்து அடிப்பது) வென்றதால்தான் நாங்கள் வெளியே போனோம். அந்த ஷூட்டவுட் மறுபக்கம் போயிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

#5 வலைவாசல் (ஸ்காபரோ)

கணக்கன், 37 வெற்றி என்ற எண்ணை வைத்துக் கீப்பரை அளக்க வேண்டாம். 72 ஆட்டம் ஆடினால் வெற்றி சேரத்தான் செய்யும், முன்னால் சண்டின் போன்றவர்கள் கோல் போட்டுத் தந்துகொண்டிருந்தார்கள். அந்த சீசனில் அவருடைய தடுப்பு விகிதம் என்ன?

#6 கணக்கன் (மார்க்கம்)

0.894.

சரி, நானே கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஆயிரம் அடி வந்தால் 106 உள்ளே போகிறது. அந்த சீசனில் லீக்கின் சராசரி கிட்டத்தட்ட 0.905, அதாவது ஆயிரத்துக்கு 95. நிறைய ஆட்டம் ஆடுகிற கீப்பருக்கு ஒரு சீசனில் 2000 அடி அளவில் வரும். அப்படியென்றால் நடுத்தரமான ஒரு கீப்பரை விட ரேக்ராஃப்ட் 20 கோல் அளவில் கூட விட்டார்.

எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைக்கிறது. ஒரு புள்ளியால் தவறிய சீசன். பெரிய கீப்பர் ஒருவரும் தேவைப்படவில்லை, நடுத்தரமான கீப்பர் ஒருவர் போதும். அப்படி ஒருவரை வாங்க ராஸ்க் அளவுக்குப் பெறுமதியான பையனைக் கொடுக்க வேண்டியதும் இல்லை. அந்தக் கோடையில் மனி லெகாசி ஒப்பந்தம் முடிந்து சும்மா இருந்தார், செயின்ட் லூயிஸ் ட்ரேட் இல்லாமலே எடுத்துக்கொண்டது. மேலே நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

#7 சார்லஸ்நதி (பாஸ்டன்)

நான் இந்தப் பக்கத்து ஆள். மதுரையிலிருந்து வந்து பாஸ்டனில் 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதிதில் பார்த்தது 2005-06 சீசன், அது புரூயின்ஸுக்கு ரொம்ப மோசமான வருஷம். ஜோ தோர்ன்டனை சான் ஹோசேவுக்குக் கொடுத்த வருஷம் அதுதான். பாஸ்டன் ரசிகர்களிடம் கேட்டால் வருந்தத்தக்க ட்ரேட் என்று அவர்கள் அதைச் சொல்வார்கள். ரேக்ராஃப்ட் கையிலிருந்து வலையை டிம் தாமஸ் வாங்கிக்கொண்டார். தாமஸுக்கு அப்போதே முப்பதைத் தாண்டிய வயது.

இந்த ட்ரேடை யார் செய்தது என்பதில் இங்கே ஒரு குழப்பம் உண்டு. பீட்டர் சியரெல்லியைப் பொது மேலாளராக நியமித்துவிட்டார்கள், ஆனால் அவர் ஒட்டாவாவிலிருந்து ஜூலையில்தான் வந்து பொறுப்பேற்க முடியும். அதுவரை இடைக்காலமாக நாற்காலியில் இருந்தவர் ஜெஃப் கோர்ட்டன். அவர் கையில் இருந்தது சில மாதம்தான். அந்த வாரக்கடைசியில் அந்த அறையில் என்னென்ன நடந்தது பாருங்கள்: ட்ராஃப்டில் ஐந்தாவதாக ஃபில் கெசல், 50ஆவதாக மிலன் லூச்சிச், 71ஆவதாக பிராட் மார்ஷண்ட். அதே ஜூன் 24இல் ராஸ்க். ஒரு வாரம் கழித்து ஜூலை 1இல் ஸ்டெனோ சாராவோடு ஒப்பந்தம். பெர்ஜரோன் ஏற்கெனவே இருந்தார். 2011இல் லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிய அணியின் முதுகெலும்பு அந்தச் சில நாட்களில் சேர்ந்தது.

ஆனால் நீலக்கொடி சாருக்கு நான் சொல்ல வந்தது வேறு. ராஸ்க் வந்த உடனே பெரிய ஆள் ஆகிவிடவில்லை. இரண்டு சீசன் பிராவிடன்ஸில், கீழ் லீக்கில் ஆடினார். கோபக்காரர். ஒரு ஷூட்டவுட்டில் உள்ளே போகவில்லை என்று அவர் நினைத்த பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் தட்டு) நடுவர் கோல் என்று சொல்லிவிட, தடியை அடித்து, வெளியே போகும் வழியில் கிடந்த பால் கிரேட்டைத் தூக்கிப் பனிமேல் வீசினார். அந்த வீடியோ இன்றும் சுற்றுகிறது. 2009-10இல் முதல் முழு சீசன், ஆட்டத்துக்கு விட்டது 1.97 கோல், தடுப்பு விகிதம் 0.931, இரண்டிலும் லீக்கிலேயே முதல் இடம். அதே வசந்தத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக மூன்று ஆட்டம் முன்னிலையில் இருந்துவிட்டு நான்கு ஆட்டத்தையும் தோற்றோம். வலையில் ராஸ்க். அடுத்த வருஷம் தாமஸ் திரும்ப இடத்தைப் பிடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார், ராஸ்க் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்.

இதெல்லாம் டொராண்டோவில் நடந்திருந்தால்? உங்கள் ஊர்ப் பத்திரிகைகள் அந்தப் பால் கிரேட்டுக்கே அவரை விரட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். குத்திக்காட்டச் சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன். முன்னால் டிம் தாமஸ் நின்றதால்தான் ராஸ்க் பழுக்க நேரம் கிடைத்தது.

#8 மொன்றியல்மகள்

நான் அடுத்த ஊர்க்காரி, அதனால் லீஃப்ஸுக்காக அழ மாட்டேன். ஆனால் கீப்பரைப் பறிகொடுத்த வலி எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

1995 டிசம்பர் 2. எனக்கு அப்போது 11 வயது. வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லோரும் இருந்து பார்த்தோம். டெட்ராய்ட் 11, மொன்றியல் 1. எங்கள் கீப்பர் பட்ரிக் ருவாவுக்கு 26 அடி வந்து 9 கோல் போனது. அதுவரைக்கும் பயிற்சியாளர் மரியோ ட்ரம்ப்ளே அவரை மாற்றவில்லை. கடைசியில் மாற்றியபோது ருவா பயிற்சியாளரைக் கடந்து நடந்துபோய், பின்னால் இருந்த கழகத் தலைவர் ரொனால்ட் கோரியிடம் குனிந்து, மொன்றியலில் இது தன் கடைசி ஆட்டம் என்று சொன்னார். நாலே நாளில், டிசம்பர் 6, கொலராடோவுக்கு ட்ரேட். கூடவே அணித்தலைவர் மைக் கீனும். பதிலுக்கு திபோ, ருசின்ஸ்கி, கொவலென்கோ. 1996 ஜூனில் கொலராடோ கோப்பையைத் தூக்கியது. ட்ரேட் நடந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த இரவில் அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து போய் வாசல் படியில் பனியைத் தள்ளத் தொடங்கினார். அன்றைக்குப் பனி பெய்யவே இல்லை, பழைய பனியைத்தான் தள்ளினார். அம்மா கூப்பிட்டும் கனநேரம் உள்ளே வரவில்லை.

நான் எப்போதும் யோசிப்பது: எங்களுடையது கோபத்தில் நடந்தது. இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேச முடியாத நிலைமை, ஒருவர் போயே ஆக வேண்டும். உங்களுடையதில் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. மேசையில் இருந்து யோசித்துச் செய்தார்கள். கோபத்தில் கை நழுவியதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் என்னால் மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை.

#9 வலைவாசல் (ஸ்காபரோ)

மொன்றியல்மகள் தங்கச்சி சொன்ன "மேசையில் இருந்து யோசித்து" என்ற இடத்தில்தான் நான் எழுத வந்தேன். 14 வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கீப்பிங் பழக்குகிறேன், சம்பளத்துக்கில்லை, என் மகன் ஆடத் தொடங்கியபோது போய்ப் பிறகு நின்றுவிட்டது.

யோசித்தவர்கள் எதைப் பார்த்து யோசித்தார்கள்? அவர்களிடம் இரண்டு இளம் கீப்பர்கள் இருந்தார்கள். 2004இல் 90ஆவதாக எடுத்த ஜஸ்டின் பொகி, 2005இல் எடுத்த ராஸ்க். 2006 ஜனவரியில் உலக இளையோர் கிண்ணம், அதே வான்கூவரில். அரையிறுதியில் கனடாவும் பின்லாந்தும். ஒரு வலையில் பொகி, மறு வலையில் ராஸ்க். ஒரே பனியில், ஒரே இரவில், இரண்டு பேரும் எங்கள் அணியின் சொத்து! கனடா 4-0. இறுதியில் ரஷ்யாவை 5-0, பொகிக்கு இன்னொரு பூச்சியம், அதாவது ஒரு கோலும் விடாத ஆட்டம். தங்கப் பதக்கம். அந்த வருடம் கனடா ஜூனியர் லீக்குகளின் சிறந்த கீப்பரும் அவர்தான். ஆறு மாதம் கழித்து, அதே நகரத்தில் உட்கார்ந்து, பொகியை வைத்துக்கொண்டு ராஸ்க்கைக் கொடுத்தார்கள்.

ஆனால் அதே போட்டியில் சிறந்த கீப்பர் என்ற விருது பொகிக்குப் போகவில்லை, ராஸ்க்குக்குத்தான் போனது. காலிறுதியில் சுவீடனின் 53 அடியைத் தடுத்து மேலதிக நேரத்தில் 1-0 வெல்ல வைத்தார். பின்லாந்துக்கு வெண்கலம். நான் அந்த ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கீப்பரை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பக்கைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள். அடிக்கிறவன் தடியைத் தூக்கும்போதே பயந்த கீப்பரின் முழங்கால் பனியில் விழுந்துவிடும். கவசம் பனியில் படும் அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்கும். சீக்கிரம் விழுந்தால் மேல் மூலை திறந்துவிடும், அடிக்கிறவனுக்கு அது போதும். ராஸ்க் 18 வயதிலேயே நின்றார். மெலிந்த ஆள், ஆறடி மூன்று அங்குலம், பெரிய உடம்பால் வலையை மறைக்கிற ரகம் இல்லை. அடி தடியை விட்டுக் கிளம்பும் வரைக்கும் காலில் நிற்பார். பிள்ளைகளுக்கு அதைப் பழக்குவதற்கு வருடக்கணக்கில் எடுக்கும், சிலருக்கு வரவே வராது.

பொகியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல பையன், பிறகு ஐரோப்பாவில் பல வருடம் ஆடிப் பிழைத்தார். ரொறன்ரோவுக்கு அவர் ஆடியது 7 ஆட்டம், வெற்றி ஒன்று. முன்னால் திறமான பின்களம் இருக்கும்போது பூச்சியம் எடுப்பது வேறு, 53 அடி வாங்கி எடுப்பது வேறு. அந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்திருக்க வேண்டும்.

#10 கணக்கன் (மார்க்கம்)

வலைவாசல் அண்ணா, ஒன்றில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். ஒரு போட்டியை வைத்து ராஸ்க்கைத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அதே போட்டியை வைத்து பொகியைத் தெரிந்தவர்களும் பிழை இல்லை என்று ஆகிவிடும். ஜூனியர் வயதில் கீப்பர்களை எடைபோடுவது யாராலும் சரியாக முடிவதில்லை. என் கேள்வி வேறு: இரண்டு பேரில் யார் வருவார் என்று தெரியாதபோது ஏன் தெரிவு செய்ய வேண்டும்? இரண்டு பேரையும் வைத்திருக்கச் செலவே இல்லை. தெரியாது என்பதுதான் வைத்திருப்பதற்கான காரணம்.

#11 நீலக்கொடி (ஸ்காபரோ)

கணக்கன், இதைத்தான் மகனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி.

சார்லஸ்நதி சொன்னதற்குப் பதில். நீங்கள் சொன்னது என்னைச் சுட்டது, ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. ராஸ்க்கை இரண்டு வருடம் கீழே வைத்துப் பழுக்க விடுகிற பொறுமை எங்கள் கழகத்திடம் அப்போது இல்லை. ஆனால் அது ட்ரேடுக்கு நியாயம் ஆகாது. ட்ரேடும் அதே நோயின் இன்னொரு அடையாளம்தான். பின்னால் நடந்ததைப் பாருங்கள்.

2007 ஜூன். ரேக்ராஃப்ட் வந்து ஒரு வருடம்தான். வலை சரியில்லை என்று சான் ஹோசேயிடமிருந்து வேசா டொஸ்கலாவை வாங்கினார்கள், கூடவே மார்க் பெல். விலை: முதல் சுற்றுத் தெரிவு, இரண்டாம் சுற்றுத் தெரிவு, பிறகு ஒரு நான்காம் சுற்றுத் தெரிவு. அந்த முதல் சுற்றுத் தெரிவு 13ஆவது. சான் ஹோசே அதையும் வேறு சிலவற்றையும் செயின்ட் லூயிஸிடம் கொடுத்து 9ஆவது இடத்துக்கு ஏறி லோகன் கூட்டூரை எடுத்தது. கூட்டூர் பின்னால் அந்த அணிக்கே தலைவரானார். ராஸ்க்கைக் கொடுத்து வாங்கிய கீப்பர் சரிவராததால் இன்னொரு கீப்பர், அவருக்கு இவ்வளவு விலை. 2007-08இல் ரேக்ராஃப்ட்டுக்கு இரண்டே வெற்றி. 2008 ஜூனில் மிச்ச ஒப்பந்தத்துக்குக் காசு கொடுத்து வெளியே விட்டார்கள். ஃபேர்கசனை அதற்கு முன்னமே, ஜனவரியில் அனுப்பிவிட்டார்கள். 2008 மார்ச்சில் ஐலண்டர்ஸின் ரொப் டேவிசன் தன் பக்கத்து முனையிலிருந்து தட்டிவிட்ட பக் துள்ளித் துள்ளி வந்து டொஸ்கலாவைத் தாண்டி உள்ளே போனது. அதை நான் நேரலையில் பார்த்தேன். எழுந்து போய்த் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவினேன்.

2009 செப்டம்பரில் திரும்பவும் பொஸ்டன். இந்தத் தடவை எங்கள் பொது முகாமையாளர் பிரையன் பேர்க். கெசலுக்காக இரண்டு முதல் சுற்றுத் தெரிவும் ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவும். அவை டைலர் செகினாகவும் டக்கி ஹமில்டனாகவும் ஆயின. கெசலைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கோல் போட்டார், 2013இல் அந்த ஏழாவது ஆட்டத்திலும் போட்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள், கெசலை பொஸ்டன் ட்ராஃப்டில் எடுத்ததும் ராஸ்க்கை வாங்கியதும் ஒரே நாள், ஒரே கட்டடம்.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியது என்று எங்கள் அம்மம்மா சொல்லுவா. அந்தச் சொல்லை நான் சின்ன வயதில் கேட்டது ஒரு காணிச் சங்கதிக்கு. இவ்வளவு வருடம் கழித்து ஹொக்கிக்குப் பொருந்தும் என்று நினைக்கவில்லை.

#12 சார்லஸ்நதி (பாஸ்டன்)

நீலக்கொடி சார், ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன பொறுமை எங்களிடமும் எப்போதும் இருந்ததில்லை. ராஸ்க்கை வைத்துக்கொண்டே இந்த ஊரில் எவ்வளவு திட்டினார்கள் தெரியுமா? 2013இல் பிட்ஸ்பர்க்குக்கு எதிராக நாலு ஆட்டத்தில் மொத்தமே இரண்டு கோல்தான் விட்டார். எதிரே கிராஸ்பி, மால்கின், இகின்லா. அடுத்து சிகாகோவோடு ஆறாவது ஆட்டத்தில் 17 விநாடிக்குள் இரண்டு கோல் போய்க் கோப்பையும் போனது. ஊர் பேசியது அந்த 17 விநாடியைத்தான். 2019இல் செயின்ட் லூயிஸிடம் ஏழாவது ஆட்டம் தோற்ற பிறகும் அதே பேச்சு. 2022 பிப்ரவரியில் அவர் ஓய்வை அறிவித்த பிறகுதான் பலருக்கு மதிப்பு தெரிந்தது.

இன்னும் இரண்டு செய்தி சொல்லிவிடுகிறேன். ஃபேர்கசன் பின்னால் பல வருஷம் பாஸ்டன் நிர்வாகத்தில், வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் வேலை பார்த்தார். தான் கொடுத்த பையன் வலையில் நிற்பதைத் தினமும் பார்த்திருப்பார். ரேக்ராஃப்ட் இப்போது இங்கே தொலைக்காட்சியில் புரூயின்ஸ் ஆட்டங்களை அலசுகிறார். தெளிவாக, மனம் திறந்து பேசுவார், எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. தன்னை யாருக்குப் பதிலாகக் கொடுக்கிறார்கள் என்பதை எந்த வீரரும் தேர்ந்தெடுப்பதில்லை. ராஸ்க்குக்கு அவர் சமமாகவில்லை என்று 20 வருஷமாக ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும்.

#13 நீலக்கொடி (ஸ்காபரோ)

உண்மை. மகனிடமும் அதைச் சொன்னேன். ரேக்ராஃப்ட் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

#14 புதுவரவு (மிசிசாகா)

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். முழங்காலைப் பார்க்கச் சொன்னது எனக்குப் பெரிய பாடம், இனி அப்படித்தான் பார்க்கப் போகிறேன். ஒரு சந்தேகம்: ராஸ்க் முதன்முதலாக டொராண்டோவுக்கு எதிராக ஆடியபோது ரசிகர்கள் என்ன செய்தார்கள்? கத்தினார்களா?

#15 எக்ளின்ரன்வாசி

வாசிக்கிறது மட்டும்தான் என் பழக்கம், எழுதுவதில்லை. இதற்கு எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் நான் அங்கே இருந்தேன்.

2007 நவம்பர் 20, செவ்வாய்க்கிழமை. ராஸ்க்கின் முதல் என்.எச்.எல். ஆட்டமே எங்கள் அரங்கில்தான். அப்போது நான் ஒரு உணவகத்தில் இரவு வேலை. என் மேற்பார்வையாளருக்கு யாரோ கொடுத்த டிக்கெட், அவருக்குப் போக முடியவில்லை, என்னிடம் தந்து வேலையிலிருந்தும் விட்டார். நான் கனடா வந்து முதல் தடவை அரங்குக்குள்ளே போனது அன்றுதான். மேலே கடைசி வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால்.

தம்பி கேட்டதற்குப் பதில்: யாரும் கத்தவில்லை. பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது என் பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. அவ்வளவு மெலிந்த கீப்பரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆட்டம் தொடங்க முன்னம் வலைக்கு முன்னால் இப்படியும் அப்படியும் வழுக்கி, கால் கத்தியால் பனியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். பொஸ்டன் 4, ரொறன்ரோ 2. அவருடைய முதல் வெற்றி. முடிந்ததும் பொஸ்டன் ஆட்கள் வந்து தலையில் தட்டினார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, 60 வயது இருக்கும், மேலங்கியைப் போட்டபடி தன் கணவரிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார். எனக்கு அப்போது ஆங்கிலம் மட்டுமட்டு, ஆனாலும் விளங்கியது. "அந்தப் பையன் எங்களுடையவன்" என்றார்.

டிக்கெட்டின் கிழித்த துண்டு இன்னும் இருக்கிறது. கடவுச்சீட்டுகள் வைக்கிற பெட்டிக்குள் போட்டு வைத்தேன்.

#16 நீலக்கொடி (ஸ்காபரோ)

அண்ணா, அதை என் மகனுக்கு ஒரு தடவை காட்ட முடியுமா? தர வேண்டாம், பார்த்தால் போதும். ஞாயிறு காலை 6.30க்கு அவனுக்கு வலைவாசல் அண்ணாவிடம் பயிற்சி. நான் ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுவருவேன். இடத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

#17 எக்ளின்ரன்வாசி

வருகிறேன்.